பேப்பர் போட்டுவிட்டு எழுத வரலாமா?

வாசகர் கேள்வி பதில்

போன மாதம் ஒருவர், வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸாக எழுதிப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருந்தார். முதலில் ஒரு வருடச் செலவுக்குப் பணம் சேருங்கள், அப்புறம் பேசலாம் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அது யாருக்கும் போதவில்லை என்பது வந்து விழுந்த கடிதங்களைப் பார்த்தால் தெரிகிறது. அதனால் இந்த மாதம் முழுக்க இதே பேச்சுதான். பெயர்களை நீக்கிவிட்டேன். ஆபீஸில் தெரிந்தால் வம்பு என்று பலர் எழுதியிருந்தீர்கள், நியாயம்தான்.

வயது 34. கோவையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஏழு வருடமாக டெக்னிக்கல் டாக்குமென்டேஷன் (தொழில்நுட்பக் கையேடுகள் எழுதும்) வேலை. கைக்கு வரும் சம்பளம் 72,000. வீட்டுக் கடன் இ.எம்.ஐ. 21,000 போக, மாதச் செலவு இன்னொரு முப்பதாயிரம். மனைவி வேலைக்குப் போகவில்லை, மகள் இரண்டாம் வகுப்பு. அப்பாவுக்குச் சர்க்கரை; கம்பெனி இன்சூரன்ஸில்தான் பார்க்கிறோம். சில சிறுகதைகள் வெளியாகியிருக்கின்றன. ராத்திரியில் வெளியாட்களுக்கு எழுதிக்கொடுத்து மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் வருகிறது. சேமிப்பு நாலு லட்சம். தீபாவளி போனஸ் வாங்கியதும் பேப்பர் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். சரியா?
– வாசகர், கோயம்புத்தூர்

இந்தத் தீபாவளிக்கு வேண்டாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், கணக்கைப் பார்ப்போம். மாதம் 51,000 செலவு, 10,000 வரவு, துண்டு விழுவது 41,000. நாலு லட்சம் ஒன்பது, பத்து மாதம் தாங்கும் என்று காகிதம் சொல்லும். ஆனால் தாங்காது. ஏனென்றால் உங்கள் சம்பளத்தில் கண்ணுக்குத் தெரியாத சில செலவுகளைக் கம்பெனி கட்டிக்கொண்டிருக்கிறது. அதில் பெரியது அப்பாவின் இன்சூரன்ஸ். நீங்கள் வெளியே வரும் நாளோடு அந்த குரூப் பாலிசி முடிந்துவிடும். அதன்பிறகு புதிதாகத் தனி பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் போடலாம் என்று விதியே இருக்கிறது. சர்க்கரை உள்ளவருக்குச் சிறுநீரகமோ இதயமோ அந்த மூன்று வருடத்துக்குள் தொந்தரவு கொடுத்தால் நாலு லட்சம் ஒரே ஆஸ்பத்திரி பில்லில் போய்விடும். ஆகவே வேலையை விடுவதற்கு முன்னால் செய்யவேண்டிய முதல் காரியம், வேலையில் இருக்கும்போதே அப்பாவுக்கும் குடும்பத்துக்கும் தனி பாலிசி எடுத்து அந்தக் காத்திருப்புக் கடிகாரத்தை ஓட விடுவது. சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். கம்பெனி பாலிசியை அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தில் தனி பாலிசியாக மாற்றித் தருவார்களா என்று ஹெச்.ஆரிடமும் கேளுங்கள், மாற்ற முடிந்தால் ஏற்கெனவே கழிந்த காலம் கணக்கில் வரும். கேட்பதைப் பேப்பர் போடுவதற்கு முன்பே கேளுங்கள், கடைசி நாள் கேக் வெட்டும்போது அல்ல.

இரண்டாவது, உங்களுக்கு வரவேண்டியது. ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, அதை வருடங்களால் பெருக்கவேண்டும். உங்கள் பேஸிக் 36,000 என்று வைத்துக்கொண்டால் ஏழு வருடத்துக்கு ஏறக்குறைய 1,45,000 வரும். அதை நாலு லட்சத்தோடு சேர்த்துச் செலவுக்கென்று கணக்குப் போடாதீர்கள், அது அப்பாவின் பிரீமியத்துக்கும் அவசரத்துக்கும். பி.எஃப். பணத்தில் கை வைக்கவேண்டாம். பென்ஷன் பகுதியை மட்டும் கவனியுங்கள்: பத்து வருடம் சேர்ந்தால்தான் மாதப் பென்ஷனுக்குத் தகுதி, உங்களுக்கு ஏழுதான் ஆகிறது. அந்தப் பகுதியைப் பணமாக எடுத்துவிட்டால் ஏழு வருடமும் அழிந்துபோகும். அதற்குப் பதிலாக, இத்தனை வருடம் சேர்ந்திருக்கிறது என்று பி.எஃப். அலுவலகம் தரும் ஸ்கீம் சர்ட்டிபிகேட் வாங்கி வைத்துக்கொண்டால், நாளைக்கு வேறெங்கோ மூன்று வருடம் வேலைக்குப் போனாலும் பழைய ஏழோடு சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது, கடன். இன்னொரு கடனோ, வீட்டுக் கடனுக்கு மேல் டாப்-அப்போ, கிரெடிட் கார்டோ தேவைப்படும் என்று தோன்றினால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே வாங்குங்கள். அதன்பிறகு வங்கிக்கு நீங்கள் சொந்தத் தொழில் செய்பவர், இரண்டு மூன்று வருடத்து வருமான வரிக் கணக்கைக் காட்டாமல் பேச்சே இல்லை.

இனிமேல்தான் உங்கள் கேள்வியின் நடுப்பகுதி. இப்போது வரும் பத்தாயிரம் உங்களுக்கு எளிதாகத் தெரிகிறது, காரணம் அது சம்பளத்தின் முதுகில் உட்கார்ந்து வருகிறது. பிடிக்காத வேலையை வேண்டாம் என்று சொல்ல முடிகிறது, பணம் தாமதமானால் பொறுத்திருக்க முடிகிறது. அதையே ஐம்பதாயிரமாக்க ஐந்து மடங்கு எழுதினால் போதும் என்று நினைக்கிறீர்கள், ஆனால் எழுதும் நேரம் ஐந்து மடங்கு ஆகாது. ஃப்ரீலான்ஸரின் நாளில் கணிசமான பகுதி ஆள் தேடுவதிலும், கொட்டேஷன் அனுப்புவதிலும், "சார், அந்த இன்வாய்ஸ்..." என்று போன் போடுவதிலும், மூன்றாம் தடவை திருத்தம் கேட்பவருக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் எழுதுவதிலும் போகும். அதற்கெல்லாம் யாரும் காசு தரமாட்டார்கள்.

நான் சொல்லும் அளவுகோல் இதுதான். வீட்டுச் செலவில் பாதி, அதாவது உங்களுக்கு இருபத்தைந்தாயிரம், வெளிவேலையிலிருந்து தொடர்ந்து ஆறு மாதம் வரவேண்டும். 'வரவேண்டும்' என்றால் வங்கிக் கணக்கில் வந்திருக்கவேண்டும், இன்வாய்ஸில் நிற்பதைச் சேர்க்கக்கூடாது. அது குறைந்தது மூன்று இடங்களிலிருந்து வரவேண்டும், எந்த ஒரு இடமும் பாதிக்கு மேல் தரக்கூடாது. ஒரே இடத்திலிருந்து வந்தால் அது இன்சூரன்ஸும் பி.எஃப்.பும் இல்லாத இன்னொரு வேலை, அவ்வளவுதான். அதோடு, இந்த வெளிவேலைக்கு உங்கள் ஆஃபர் லெட்டரில் தடை இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான ஐ.டி. கம்பெனிகளின் கடிதத்தில் அந்த வரி இருக்கும்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. உங்கள் கடிதத்தில் சிறுகதை ஒரு வரி, ராத்திரி வேலை ஒரு வரி. வேலையை விடுவது எதற்காக? கதை எழுத நேரம் வேண்டும் என்பதற்காக என்றால், பகல் முழுவதும் யாரோ ஒருவரின் ரியல் எஸ்டேட் பிரௌஷருக்கு வாக்கியம் செதுக்கிவிட்டு சாயங்காலம் கதைக்கு உட்கார்ந்து பாருங்கள். ஆபீஸில் மீட்டிங் மேல் மீட்டிங்கில் இருந்துவிட்டு வந்து எழுதுவதைவிட அது கஷ்டம். இரண்டுக்கும் ஒரே மூளை, ஒரே விரல். கதைதான் குறி என்றால், பாதுகாப்பான வேலையில் பொறுப்பு குறைந்த இடத்துக்கு மாறி, பதவி உயர்வு வந்தாலும் வேண்டாம் என்று சொல்லி, காலை இரண்டு மணி நேரத்தை யாருக்கும் தராமல் வைத்துக்கொள்வது நல்ல வழி. எழுதுவதையே தொழிலாக்கவேண்டும், மேலதிகாரி வேண்டாம், என்ன எழுதினாலும் சரி என்றால் மட்டும் ஃப்ரீலான்ஸ். அப்படியென்றால் உங்கள் சொத்து சிறுகதை அல்ல, அந்த ஏழு வருட டெக்னிக்கல் டாக்குமென்டேஷன். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு, கூலி அதிகம். அதை விட்டுவிட்டு "எந்தத் தலைப்பிலும் எழுதித் தரப்படும்" என்று போர்டு மாட்டாதீர்கள்.

தமிழ்ப் பத்திரிகைகளில் மட்டும் எழுதிக் குடும்பம் நடத்த முடியுமா?
– வாசகர், விருதுநகர்

முடியாது.

அப்படியானால் புத்தகம்? என் முதல் நாவலை ஒரு பதிப்பகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ராயல்டியை நம்பி வேலையை விடலாமா?
– வாசகர், மதுரை

முதலில் வாழ்த்துகள். புத்தகத்தின் விலை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் வழக்கமாகப் பேசப்படும் ராயல்டி பத்து சதவீதம், பிரதிக்கு இருபது ரூபாய். ஆயிரம் பிரதி விற்றால் இருபதாயிரம். இப்போதெல்லாம் முந்நூறு, நானூறு பிரதி அச்சடித்துவிட்டு, தீர்ந்தால் மறுபடி போடலாம் என்கிறார்கள். முழுத் தொகையும் வந்தாலும் ஒரு மாத வீட்டுச் செலவுக்கே இழுபறி. நாவல் எழுத உங்களுக்கு எத்தனை மாதம் ஆனது?

தமிழில் எழுதிச் சாப்பிடுபவர்கள் எதைச் செய்கிறார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் தெளிவு வரும். மொழிபெயர்ப்பு, படங்களுக்கும் தொடர்களுக்கும் சப்டைட்டில், விளம்பர வாசகம், யூடியூப் சேனல்களுக்கு ஸ்கிரிப்ட், டி.வி. சீரியலுக்கு எபிசோட் கணக்கில் வசனம், மெய்ப்புத் திருத்தம், பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாற்றை அவர்கள் பேரிலேயே எழுதித் தருவது, கம்பெனியின் பொன்விழா மலர், கோயில் கும்பாபிஷேக மலர். கடைசி இரண்டைக் கேட்டுச் சிரிக்கவேண்டாம். ஊரில் நாலு பேரைத் தெரிந்தவருக்கு மலர் வேலை நல்ல வேலை, பணமும் சொன்ன நாளில் வரும், ஏனென்றால் விழா தேதி தள்ளிப்போகாது.

அக்கா, நான் தனியார் பள்ளி ஆசிரியை வேலையை விட்டு இந்த ஜூனிலிருந்து வீட்டிலிருந்தே மொழிபெயர்க்கிறேன். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. வேலை வருகிறது. பிரச்சினை வேறு. "வீட்டுலதானே இருக்கே" என்று கேஸ்காரர் வருவதிலிருந்து நாத்தனார் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது வரை என் தலையில். பள்ளியில் வாங்கியதைவிட இப்போது அதிகம் சம்பாதிக்கிறேன், ஆனாலும் இது வேலையாகவே யாருக்கும் தெரியவில்லை.
– வாசகி, திருச்சி

எத்தனை சம்பாதித்தாலும், லேப்டாப்பின் முன்னால் நைட்டியோடு உட்கார்ந்திருக்கும் பெண் வேலை செய்கிறாள் என்று நம் வீடுகள் ஒப்புக்கொள்வதில்லை. ஆண் அதே லுங்கியோடு உட்கார்ந்தால் "டிஸ்டர்ப் பண்ணாதே, அப்பா வேலை பாக்குறாங்க". இதற்கு விளக்கம் சொல்லிப் பயன் இல்லை, இடத்தை மாற்றிப் பாருங்கள். தினமும் காலை ஒன்பதரைக்கு உடை மாற்றிக்கொண்டு வெளியே போய்விடுங்கள். திருச்சியில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. அங்கே மதியம் வரை. முதல் வாரம் முணுமுணுப்பார்கள், மூன்றாவது வாரம் கேஸ்காரர் சாயங்காலம் வரப் பழகிவிடுவார். பணத்தையும் தெரியும்படி செய்யுங்கள். வருவதை வீட்டுச் செலவில் சத்தமில்லாமல் கரைக்காமல், ஒரு செலவை உங்கள் பேரில் எடுத்துக்கொள்ளுங்கள். மின்கட்டணமோ பிள்ளையின் பள்ளிக் கட்டணமோ, எதுவாக இருந்தாலும் சரி, அது உங்கள் கணக்கிலிருந்து போகிறது என்பது எல்லோருக்கும் தெரியட்டும். நாத்தனார் பிள்ளை விஷயத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் என்று ஒத்துக்கொள்ளுங்கள். முழுக்க மறுத்தால் சண்டை, முழுக்க ஏற்றால் வேலை போச்சு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். சொல்லுக்கு இத்தனை காசு என்று பேசும்போது எந்த மொழிச் சொல் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆங்கிலத்தில் மூன்று நாலு சொல்லாக நிற்பது தமிழில் உருபும் துணைவினையும் ஒட்டி ஒரே சொல்லாகிவிடும். அதனால் ஆங்கில மூலத்தை எண்ணினால் உங்களுக்கு லாபம், தமிழை எண்ணினால் அவர்களுக்கு லாபம். மூலத்தை எண்ணிக் காசு கொடுப்பதுதான் பொதுவான வழக்கம். புதிதாக வருபவர்களிடம்தான் சிலர் தமிழை எண்ணிக் கொடுக்கப் பார்க்கிறார்கள்.

ஒரு விளம்பர ஏஜென்சிக்கு மூன்று மாதம் எழுதிக் கொடுத்தேன். 38,000 பாக்கி. கேட்டால் "கிளையன்ட்கிட்டேயிருந்து வரலை" என்கிறார்கள். ஒப்பந்தம் எதுவும் இல்லை, வாட்ஸ்அப் பேச்சுதான். வேலையை விட்டு வந்த முதல் வருடமே இப்படி. என்ன செய்வது?
– வாசகர், சென்னை

இந்தக் கேள்வியை மட்டும் ஊர் மாற்றி, தொகை மாற்றிப் பலர் அனுப்பியிருக்கிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஏஜென்சிக்கு அதன் கிளையன்ட் பணம் கொடுத்தானா இல்லையா என்பது உங்கள் கவலை இல்லை. உங்களை வேலைக்குக் கூப்பிட்டது ஏஜென்சி. வாட்ஸ்அப் பேச்சு ஒன்றுமே இல்லாததற்கு எவ்வளவோ மேல். தலைப்பு கொடுத்தது, தொகை சொன்னது, நீங்கள் அனுப்பியது, அவர்கள் "நல்லா இருக்கு" என்றது எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்து மெயிலில் பத்திரப்படுத்துங்கள். போன் தொலைந்தால் வழக்கும் தொலைந்தது. பிறகு முறையான இன்வாய்ஸ்: தேதி, எண், உங்கள் பான், வேலையின் விவரம், தொகை, வங்கிக் கணக்கு. அதை அவர்களின் கணக்குப் பிரிவு மெயிலுக்கு அனுப்புங்கள், உங்களிடம் வேலை வாங்கிய அந்தப் பையனுக்கு மட்டும் அல்ல. பல இடங்களில் பணம் நிற்பதற்குக் காரணம் கெட்ட எண்ணம்கூட இல்லை, உங்கள் பில் கணக்குப் பிரிவுக்குப் போகவே இல்லை. அதற்கும் அசையாவிட்டால் ஒரு வக்கீல் நோட்டீஸ். 38,000க்காக யாரும் நீதிமன்றம் வரை போகமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் இழுத்தடிக்கிறார்கள், நோட்டீஸ் வந்தால் பாதிப்பேர் பேச வருவார்கள். செய்த வேலைக்கான பணம் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் உண்டு. அதற்குள் எழுத்தில் கேட்டுக்கொண்டே இருங்கள்.

இனிமேல் வரும் வேலைகளுக்கு ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது, எழுத்தாளர்களில் பலருக்குத் தெரியாது. மத்திய அரசின் உத்யம் பதிவு. ஆதாரும் பானும் இருந்தால் ஆன்லைனில் இலவசமாகச் செய்துகொள்ளலாம், இடையில் எந்த ஏஜென்டும் வேண்டாம், காசு கேட்கும் போலித் தளங்களில் மாட்டிக்கொள்ளாதீர்கள். சேவைத் தொழில் செய்யும் குறு நிறுவனமாக உங்கள் ஒருவரையே பதிந்துகொள்ளலாம். சிறு, குறு நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேலையை ஏற்றுக்கொண்டவர் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதில் சொன்ன நாளிலும் பணம் தரவேண்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. புகாரை ஆன்லைனிலேயே கொடுக்கலாம். இன்னொரு பிடியும் உண்டு. இப்படி நாள் தாண்டி நிற்கும் பாக்கியை அந்த வருடத்துச் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது என்று 2024 ஏப்ரலிலிருந்து விதி வந்ததால், கம்பெனிகளின் ஆடிட்டர்களே மார்ச் மாதம் நெருங்கும்போது உத்யம் எண் உள்ளவர்களின் பில்லைத் தேடி எடுத்துத் தீர்க்கச் சொல்கிறார்கள். ஒரே நிபந்தனை, வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பதிவு இருக்கவேண்டும். பழைய 38,000க்கு இதை நம்பாதீர்கள், அடுத்ததற்கு நம்புங்கள். எண்ணை இன்வாய்ஸின் மேலேயே போடுங்கள்.

அப்புறம், புதிய ஆளிடம் பாதிப் பணம் முன்கூட்டிக் கேளுங்கள். பாதி கேட்டால் ஓடிப்போகிறவர் முழுவதையும் கொடுத்திருக்கமாட்டார்.

என் பில்லில் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டு தருகிறார்கள். இன்னொரு கம்பெனி ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் பணம் தரமுடியாது என்கிறது. இரண்டும் சரியா?
– வாசகர், ஈரோடு

முதலாவது சரி. அது டி.டி.எஸ்., பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி; தொழில்முறைக் கட்டணத்துக்குப் பிடிப்பது. ஒரே இடத்திலிருந்து வருடத்துக்கு 50,000 ரூபாய் தாண்டினால் பிடிப்பார்கள். உங்கள் பானில் அது வரவாகியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், சில இடங்களில் பிடித்துவிட்டுக் கட்டாமலேயே இருப்பார்கள். வருடக் கடைசியில் வரிக் கணக்கு தாக்கல் செய்தால் அதிகமாகப் பிடித்தது திரும்பி வரும். ஆண்டு வருமானம் 12 லட்சத்துக்குள் என்றால் வருமான வரியின் புதிய முறையில் வரியே இல்லை, ஆகவே பிடித்தது மொத்தமும் உங்களுடையது. கணக்குத் தாக்கல் செய்யாமல் விடுகிறவர்கள் அரசாங்கத்துக்கு நன்கொடை கொடுக்கிறார்கள்.

இரண்டாவது தவறு. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும் வரை நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்யவேண்டியதில்லை, வெளிமாநிலக் கம்பெனிக்கு எழுதினாலும் அதே வரம்புதான். இதை ஒரு வரியில் மெயில் அனுப்புங்கள். பெரும்பாலும் அவர்களின் மென்பொருளில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் நகராது, அதைத்தான் சட்டம் போலச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பகலில் கார் பாகத் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக வேலை பார்த்துக்கொண்டே ராத்திரியில் எழுதிய நாவல் கம்பெனிக்குச் சொந்தம் என்று சொல்ல முடியுமா? நண்பர் பயமுறுத்துகிறார். அதோடு ஒரு பத்திரிகை, எல்லா உரிமையும் அவர்களுக்கே என்று கையெழுத்துக் கேட்கிறது.
– வாசகர், ஓசூர்

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையின் ஒரு பகுதியாக எழுதியதுதான் முதலாளிக்குப் போகும். நீங்கள் தர ஆய்வாளர். நாவல் எழுதுவது உங்கள் வேலை அல்ல. நாவல் உங்களுடையது. கம்பெனி லேப்டாப்பிலோ கம்பெனி மெயிலிலோ அதை வைக்காதீர்கள். வேலைநீக்கம் என்று வந்தால் உங்கள் நாவலும் பூட்டிய மேசைக்குள் மாட்டிக்கொள்ளும்.

பத்திரிகை விஷயத்தில், உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம், எந்தப் பகுதி என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. அதனால்தான் அவர்கள் 'நிரந்தரமாக, உலகெங்கும்' என்று போடுகிறார்கள். ஒருமுறை வெளியிடும் உரிமை மட்டும் தருகிறேன், புத்தகம், ஒலி, திரைப்படம், மொழிபெயர்ப்பு உரிமைகள் என்னிடமே இருக்கும் என்று திருத்தி அனுப்புங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், யாரும் கேட்பதில்லை என்பதால்தான் அந்தப் படிவம் அப்படியே சுற்றுகிறது.

துணிந்து வேலையை விட்டவர்கள்தானே பெரிய எழுத்தாளர்கள் ஆனார்கள்? நீங்கள் எல்லோரையும் பயமுறுத்துகிறீர்கள்.
– வாசகர், கும்பகோணம்

அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோ வேலையை 1960களின் நடுவில் விட்டார், பிறகு எழுத்தையே நம்பி வாழ்ந்தார். வசதியாக வாழவில்லை. புதுமைப்பித்தன் பத்திரிகை வேலையை விட்டு சினிமாவுக்குப் போனார், 1948இல் காசநோயில் இறந்தபோது வயது 42. இந்தப் பக்கம் பாருங்கள். சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவான குழுவில் பொறுப்பில் இருந்துகொண்டே வாரப் பத்திரிகைகளில் ஒரே சமயத்தில் பல தொடர் எழுதினார். தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியராக இருந்தார், பிறகு அகில இந்திய வானொலிக்குப் போனார். வேலையில் இருந்ததால் இவர்கள் எழுத்து மட்டமாகிவிட்டதா? நான்கு பேரும் நன்றாக எழுதியதற்கும் மாதச் சம்பளத்துக்கும் சம்பந்தமே இல்லை. வீட்டில் நிம்மதி இருந்ததற்கும் சம்பளத்துக்கும்தான் சம்பந்தம் உண்டு.

சினிமாவில் கதை, வசனம் எழுத ஆசை. வேலையை விட்டுவிட்டு சென்னைக்கு வரலாமா?
– வாசகர், தேனி

வேலையோடு வாருங்கள். சென்னையில் ஒரு வேலை தேடிக்கொண்டு, சனி ஞாயிறில் கதை சொல்லப் போங்கள். ஒரு படம் தொடங்கும் தொடங்கும் என்று இரண்டு வருடம் போவது அங்கே சர்வசாதாரணம், அந்த இரண்டு வருடமும் வடபழனியில் வாடகை கொடுத்தாகவேண்டும். கதையை வாயால் சொல்வதற்கு முன் முழுதாக எழுதி, தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிந்துவிடுங்கள். அட்வான்ஸ் சிறியதாக இருந்தாலும் வங்கி வழியாகவே வாங்குங்கள்.

ஏ.ஐ. வந்தபிறகு இந்தத் தொழிலே இருக்குமா?
– வாசகி, சேலம்

மட்டமான வேலை போய்விட்டது. 'சிறந்த பத்து வாஷிங் மெஷின்கள்' ரகத்துக் கட்டுரைகளை எழுதிப் பிழைத்தவர்களுக்கு அடி பலம்தான். இப்போது அதே ஆட்கள் கூப்பிட்டு, மெஷின் எழுதியதைத் திருத்திக் கொடு, பாதிக் காசு என்கிறார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். மோசமான தமிழைச் சரிசெய்ய, புதிதாக எழுதுவதைவிட அதிக நேரம் ஆகும், அதற்கு மணிக்கணக்கில் காசு கேளுங்கள். நேரில் போய் ஆளைப் பார்த்துப் பேசி எழுதவேண்டிய வேலை, வட்டாரப் பேச்சு தெரிந்து எழுதும் வசனம், தவறு நடந்தால் யாராவது பொறுப்பேற்கவேண்டிய மருத்துவ, சட்ட மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் இன்னும் ஆள் தேடுகிறார்கள். இருபத்திரண்டு வயதில், எந்தத் துறையும் தெரியாமல், எழுத மட்டும் தெரியும் என்று இதற்குள் வருபவர்களுக்கு முன்பைவிடக் கஷ்டம். அவர்கள் முதலில் எங்காவது ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு வரட்டும்.

விட்டுவிட்டு வந்து சரிப்படவில்லை என்றால் திரும்ப வேலைக்குப் போக முடியுமா? மானம் போகாதா?
– வாசகர், திருப்பூர்

மானம் போகாது, பழைய சம்பளம் கிடைக்காமல் போகலாம். இரண்டு வருடத்துக்குள் திரும்பினால் பெரிய சேதம் இல்லை. எழுதியவற்றை ஒரு ஃபைலாகத் தொகுத்து, யாருக்கு என்ன வேலை செய்தீர்கள், எவ்வளவு பில் போட்டீர்கள் என்று காட்டினால் அது இடைவெளியாகத் தெரியாது, தொழில் நடத்தியதாகத் தெரியும். வரிக் கணக்கு ஒழுங்காகத் தாக்கல் செய்திருந்தால் அதுவே சாட்சி. ஆனால் இதெல்லாம் நீங்கள் எப்படி வெளியே வந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. நோட்டீஸ் காலத்தை முழுதாக முடியுங்கள், மூன்று மாதமாக இருந்தாலும் சரி. ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, கடைசி மூன்று சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, இவற்றைக் கையில் வாங்குங்கள், பி.டி.எஃப். பிரதியைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். பி.எஃப். கணக்கில் உங்கள் செல்போன் எண்ணும் வங்கி எண்ணும் சரியாக இருக்கின்றனவா, வேலையிலிருந்து விலகிய தேதியைக் கம்பெனி ஏற்றிவிட்டதா என்றும் பாருங்கள். அந்தத் தேதி ஏறாமல் பணம் எடுக்கவும் மாற்றவும் முடியாமல், இரண்டு வருடம் கழித்துப் பழைய ஹெச்.ஆரைத் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த ஹெச்.ஆரும் வேலையை விட்டுப் போயிருப்பார்.